ஆராயி வைத்த சாம்பார்

சத்துணவு சாப்பிடலாம் என்ற யோசனையை முதலில் எழுதியது பெங்களூரில் இருக்கும் நந்தினிதான். அன்று புதன்கிழமை, தடுப்பூசி நாள். ஏரிக்கோடி துணை சுகாதார நிலையத்தில் ஏழாவது குழந்தைக்கு ஊசி போட்டு, அது அழுது ஓய்வதற்குள் எட்டாவது குழந்தையின் அட்டையை எழிலரசி வாங்கிக்கொண்டிருந்தாள். மேசைமேல் கிடந்த செல்போன் நடுங்கிக்கொண்டே இருந்தது. வேலை முடிந்து எடுத்துப் பார்த்தபோது பள்ளி நண்பர்கள் குழுவில் தொண்ணூற்று மூன்று செய்திகள்.

ஏரிக்கோடி உயர்நிலைப் பள்ளியில் தொண்ணூற்றாறில் பத்தாவது முடித்தவர்களின் குழு அது. நாற்பத்திரண்டு பேர் படித்த வகுப்பில் முப்பத்தேழு பேரைத் தேடிப்பிடித்துச் சேர்த்துவிட்டார்கள். சேர்த்தவன் முருகையன். ரமணாசிரமத்தின் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கிறான். கீழே சாப்பாட்டுக்கூடம், மேலே வெள்ளைக்காரர்கள் மாதக்கணக்கில் தங்கும் அறைகள். அவன் முன்னின்று பள்ளிக்கு நிறையச் செய்திருந்தார்கள். சுவரெல்லாம் வெள்ளையடித்து ரயில்பெட்டி மாதிரி வண்ணம் தீட்டினார்கள், குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வைத்தார்கள், ஒன்பதாம் வகுப்புக்குப் பெரிய டிவி மாட்டினார்கள். கொடுத்தவர்களின் பிள்ளைகள் ஒருவரும் அங்கே படிக்கவில்லை. காலை ஏழரைக்கு டவுனிலிருந்து வரும் மஞ்சள் வேன்கள் ஊர்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடும். பள்ளியில் மிஞ்சியிருக்கிற நூற்று நான்கு பேரும் அநேகமாகக் காலனிப் பிள்ளைகள்தான்.

ஆடி இரண்டாம் ஞாயிறு எல்லோரும் பள்ளியில் கூடுவது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அதற்குத்தான் நந்தினி எழுதியிருந்தாள்: ஓட்டல் சாப்பாடு எதற்கு, நாம் அப்போது சாப்பிட்ட சத்துணவையே புங்கமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடலாம், ஆராயி ஆயா சாம்பார் வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. அதற்குக் கீழே இதயங்களாகக் கொட்டிக் கிடந்தன. ஒருவன் தன் அலுமினியத் தட்டில் இருந்த நசுங்கலை நினைவுகூர்ந்திருந்தான். இன்னொருத்தி, ஆயா தனக்கு மட்டும் அடிப்பருப்பாகப் பார்த்து ஊற்றுவாள் என்று எழுதியிருந்தாள். தினமும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டதாக முருகையன் எழுதியிருந்தான்.

எழிலரசி செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். ஆராயி அவளுடைய அம்மா.

யார் சாப்பிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பன்னிரண்டே முக்காலுக்கு மணி அடிக்கும். ஊர்ப் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடுவார்கள். தூரத்துக் கொல்லைமேட்டிலிருந்து வருகிறவர்கள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு வராந்தாவில் உட்காருவார்கள். தட்டை எடுத்துக்கொண்டு சமையல்கூடத்துப் பக்கம் போவது காலனிப் பிள்ளைகள் மட்டும்தான். திட்டம் வந்த வருஷமே ஆராயியைச் சமையலுக்குப் போட்டார்கள். முதல் நாளே ஊரிலிருந்து நாலு பேர் வந்து, யார் சமைக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. புகார் எழுதவில்லை. ஒருவரும் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை முட்டை போடுகிற அன்று மட்டும் ஊர்ப் பிள்ளைகளும் வந்து வரிசையில் நிற்பார்கள். முட்டைக்கு ஓடு இருக்கிறது. ஆயாவின் கை ஓட்டோடு நின்றுவிடும். முருகையன் முட்டையை வாங்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடுவதை அவளே பார்த்திருக்கிறாள்.

சனிக்கிழமை சாயங்காலம் முருகையனின் கார் காலனிக்குள் வந்தது. நந்தினியும் கூட வந்திருந்தாள். தட்டில் பூ, பழம், சால்வை. எழிலரசி நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். ஆராயி முட்டி வலியோடு எழுந்து நிற்கப் பார்க்க, நந்தினி ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"ஆயா, என்னத் தெரியுதா? முருகையன். பச்சையம்மா மவன்."

"தெரியாமயா தம்பி. ஆசிரமத்தாண்ட லாட்ஜி வச்சிக்கீற. வெள்ளைக்காரனுக்கெல்லாம் சோறு போடற."

"வெள்ளைக்காரன வுடு ஆயா. உன் சோத்தத் துன்னுதான் நான் வளந்தேன். தெனம் ரெண்டு தபா வாங்குவேன். ஞாபகம் கீதா?"

ஆராயி அவனைக் கொஞ்சநேரம் பார்த்தாள். முகாமில் ஆபரேஷன் செய்த வலது கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது.

"கீது தம்பி," என்றாள்.

எழிலரசி அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பொய் சொல்கிறவனின் முகமாக இல்லை. அவன் அதை நம்பிக்கொண்டிருந்தான். நாற்பத்து நாலு வயதில், தலைமுடி கொட்டி, தொப்பை விழுந்து, தன் சின்ன வயதைத் தானே திரும்ப எழுதிவைத்துக்கொண்டு, அதில் ஆராயியின் கையால் இரண்டு தடவை சாப்பிட்டுவிட்டான். கொண்டுவந்து கொடுத்த டீயை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தான். சர்க்கரை ஜாஸ்தி என்று நந்தினி பாதியில் வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆயாதான் சமைக்க வேண்டும், இப்போதைய சமையல்காரி வேதா கூடமாட உதவி செய்வாள், நூற்றிருபது பேர், சாமான் எல்லாம் தான் இறக்கிவிடுவதாகச் சொல்லிவிட்டு முருகையன் கிளம்பினான். வாசலில் நின்று, "எழில், நீயும் நம்ம பேட்ச்தான். பரிமாறிட்டே நிக்காத, எங்களோட உக்காரணும்," என்றான்.

"பாக்கலாங்க முருகையன்," என்றாள் அவள். பள்ளியில் படிக்கும்போதும் அவனை 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவாள். அதை அவன் அப்போதும் கவனித்ததில்லை.

கார் போனதும் எழிலரசி அம்மாவின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா, அவன் எப்பம்மா சாப்ட்டான்?"

"சாப்டல."

"பின்ன இன்னாத்துக்குக் கீதுன்னு சொன்ன?"

"வூடு தேடி வந்து சாப்ட்டேன்றான். இல்லடா நீ பொய் சொல்றன்னு சண்ட போடச் சொல்றியா?"

"சண்ட போட வாணாம். முட்டி வலின்னு சொல்லியிருக்கலாம் இல்ல? நிஜமாத்தான வலிக்குது?"

டூட்டி முடித்து வந்து பேன்ட்டோடு உட்கார்ந்திருந்த அவள் கணவன் சுப்பிரமணி சிரித்தான். அவன் செங்கம் வண்டியில் கண்டக்டர். "எங்க வண்டியிலயும் இப்பிடித்தான் எழிலு. டிக்கெட் எடுக்காதவன்தான் எடுத்துட்டேன் எடுத்துட்டேன்னு சத்தமா சொல்வான். எடுத்தவன் வாயத் தொறக்க மாட்டான். ஒரு தபா செக்கிங்குல ஒருத்தன் அழுதே பூட்டான். அவன் எடுத்தேன்னு அவனே நம்பிட்டான். தேடறான், தேடறான், பையில டிக்கெட்டு இல்ல."

"நீங்க வேற கத சொல்லாதீங்க. அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்க."

"நான் இன்னா சொல்றது? அத்த, போவணும்னு ஆசையாக் கீதா?"

ஆராயி சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அப்ப சாப்டல, போவுது. இப்ப சாப்பிடறேன்றான் இல்ல? இருவத்தொம்போது வருசம் அந்த அடுப்பாண்ட நின்னேன் எழிலு. ஊர்ப் புள்ள ஒண்ணு என் சோத்த ஒரு வாய் துன்னு நான் பாத்ததில்ல. மழைக்காலத்துல வூட்டுக்குப் போவ முடியாம அந்த வராந்தால பசியோட குந்தினு இருக்குங்க. குண்டான்ல சோறு ஆவி பறக்கும். கூப்புடலாமான்னு வாய் வரும். கூப்புட்டா தப்பாப் பூடும். மூடி வச்சிட்டுத் திரும்பி நின்னுக்குவேன். அதுங்களே இப்ப வந்து, ஆக்கிப் போடு ஆயான்னு கேக்குதுங்க. ஒரு தபா கண்ணால பாத்துட்டுப் போயிடறேன். வுடு."

நந்தினி பாதியில் வைத்த டீயை எடுத்துக்கொண்டு எழிலரசி உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே ஆராயி குளித்துவிட்டாள். ஆடிக்காற்று ஏரிப் பக்கமிருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்துச் சுவரில் அடித்தது. தூரத்தில் மலையின் உச்சியை மேகம் மூடியிருந்தது. மழைக்கான மேகமில்லை, காற்றுக்கு ஓடுகிற மேகம். சமையல்கூடத்து காஸ் அடுப்பு இத்தனை பேருக்குப் போதாது என்று வெளியே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். காற்று தீயை ஒரு பக்கமாகவே சாய்த்தது. வேதா தகரத்தை நிறுத்தி மறைப்புக் கட்டினாள்.

எழுபத்தோரு வயதுப் பெண்பிள்ளை வேலை செய்கிற மாதிரி ஆராயி வேலை செய்யவில்லை. பதினைந்து கிலோ அரிசியை மூன்று தண்ணீரில் அலசினாள். பருப்பைக் குழைய விட்டு, பூசணியைத் தோலோடு பெரிய துண்டாகப் போட்டாள். கத்திரிக்காய் கடைசியில்தான் போடவேண்டும், முதலில் போட்டால் கூழாகிவிடும் என்று வேதாவுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். முருங்கைக்காயைத் தானே உட்கார்ந்து நறுக்கினாள். ஆளுக்கு ரெண்டு துண்டாவது விழணும் என்றாள். புளியை மாத்திரம் எழிலரசியிடம் கொடுத்துக் கரைக்கச் சொன்னாள். கரண்டி, ஆழாக்கு எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. எல்லாம் கையளவு. உள்ளங்கையைக் குவித்து மிளகாய்த்தூளை அள்ளும்போது அவள் உதடு மட்டும் எதையோ எண்ணுகிற மாதிரி அசையும்.

பத்து மணிக்குக் கார்கள் வரத் தொடங்கின. சென்னை வண்டிகள், கர்நாடகா வண்டிகள். ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துக் கத்தினார்கள், தொப்பையைக் குத்தினார்கள், பிள்ளைகளை இழுத்து வந்து காட்டினார்கள். முருகையன் ஏற்பாடு செய்திருந்த வீடியோக்காரன் மேடையைப் படம் பிடித்துவிட்டு அடுப்புப் பக்கம் வந்தான். சாம்பார் கொதி வந்திருந்தது. ஆயா இன்னொரு தபா கிளறுங்க, இந்தப் பக்கம் பாத்துக் கிளறுங்க, புகை மூஞ்சிக்கு வராம நில்லுங்க என்று அவளை இப்படியும் அப்படியும் நகர்த்தினான். அப்புறம் மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் போனாள். இன்னொரு சால்வை போர்த்தினார்கள். தலைமையாசிரியர் பேசினார், முன்னாள் மாணவர்கள் இல்லையென்றால் இந்தப் பள்ளியே இல்லை என்றார். ஆராயி திரும்பி வந்தபோது வேதா சாம்பாரை இறக்கித் தாளித்துக் கொட்டி மூடிவைத்திருந்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு, பழைய மாதிரியே தண்டவாளத் துண்டில் மணி அடித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். தேரடித் தெருவில் மொத்தமாக வாங்கிய புது அலுமினியத் தட்டுகளை ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு புங்கமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வேதா சோறு போட்டாள். எழிலரசி சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள்: வகுப்பில் அவளைத் தவிர இருந்த காலனிக்காரர்கள் பதினோரு பேரும் வரிசையின் கடைசியில், குழாயடிப் பக்கம், ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். அங்கே போய் உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

ஆராயி பரிமாறவில்லை. அடுப்பைவிட்டு வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு, எல்லோர் முகமும் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றாள்.

முதலில் போட்டோ. தட்டை மார்புக்கு நேராக உயர்த்திப் பிடிக்கச் சொன்னான் வீடியோக்காரன். பிடித்தார்கள். ஒரு கவளம் எடுத்து வாயருகே கொண்டுபோகச் சொன்னான். கொண்டுபோனார்கள். எடுத்து முடித்ததும் முருகையன் தட்டைக் கீழே வைத்து, சாம்பாரை நன்றாகக் குழைத்துப் பிசைந்தான். தூணருகே நின்றவளைப் பார்த்து, "ஆயா, வாசனையே போதும்," என்றான்.

அப்போதுதான் கேட்டருகே முருகையனின் அம்மா பச்சையம்மாள் வந்து நின்றாள். மஞ்சள் புடவை, நெற்றி நிறைய குங்குமம், கையில் வேப்பிலைக் கொத்து. மாரியம்மன் கோயிலிலிருந்து நேரே வந்திருந்தாள். வெள்ளிக்கிழமைதான் ஊரில் காப்புக் கட்டியிருந்தார்கள். தேதி குறித்த சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் ஊர்த் திருவிழாவை யோசிக்கவில்லை.

அவள் குரலை உயர்த்தவில்லை. "முருகையா, காப்பு கட்டிக்குது."

"தெரியும்மா."

"தெரிஞ்சுதான் கை வச்சியா?"

முருகையன் நிமிர்ந்து பார்த்தான். கவளம் கையிலேயே இருந்தது.

"ஆத்தாளுக்கு மொதக் கூழு ஊத்தற வூடு நம்முது. வெளியில கை நனைச்சிட்டு, வெள்ளிக்கிழமை இன்னா மூஞ்ச வச்சினு அங்க வந்து நிப்ப?"

காப்புக் கட்டினால் வீட்டில் கவிச்சி சமைக்க மாட்டார்கள், வெளியூர் போனால் ராத்தங்க மாட்டார்கள். ஏரிக்கோடியில் எல்லோருக்கும் தெரிந்த கட்டு இதுதான். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பருப்புச் சாம்பார் சாப்பிடக் கூடாது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அது முருகையனுக்கும் தெரிந்திருக்கும். அவன் அம்மாவைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். விரல்கள் மெல்ல விரிந்தன. பிசைந்த சோறு தட்டில் விழுந்தது.

"கோச்சிக்காத ஆயா," என்றான். "அம்மா மனசு சங்கடப்படும்."

அவன் எழுந்ததும் பக்கத்திலிருந்தவன் எழுந்தான். அப்புறம் அடுத்தவன். காப்பு என்றால் என்ன என்பதையே மறந்துபோய்க் காலையில் கேட்டுத் தெரிந்துகொண்ட நந்தினி, "சாமி விஷயம் ஆயா, ரிஸ்க் எடுக்கக் கூடாதில்ல," என்று ஆராயியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். ஒருவரும் தட்டைத் தூக்கி எறியவில்லை, முகம் சுளிக்கவில்லை. தாங்கள் வாங்கிக்கொடுத்த குடிநீர்க் குழாயில் வரிசையாக நின்று கை கழுவினார்கள். குழாயடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பதினோரு பேரும் அவர்களுக்கு வழிவிட்டுத் தட்டோடு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

பச்சையம்மாள் போகும்போது தூணருகே நின்றாள். "நீ ஒண்ணும் நெனச்சிக்காத ஆராயி. உன் சோத்துக்கு இன்னா கொற? சாமி வெவகாரம்."

"ஆவட்டும்மா," என்றாள் ஆராயி. பச்சையம்மாள் அவளைவிட ஐந்து வயது சிறியவள்.

கை கழுவிக்கொண்டிருந்த முருகையனிடம் எழிலரசி போனாள். வாளி இன்னும் கையில் இருந்தது.

"இத்தினி பேரும் மத்தியானத்துக்கு இன்னா பண்ணுவாங்க?"

"லாட்ஜுலயே பாத்துக்கலாம் எழில். காப்பு ஊர் எல்லைக்குள்ளதான. எல்ல தாண்டிட்டா தோசமில்ல."

"நூறு பேருக்குத் திடீர்னு எப்பிடி ஆக்குவாங்க?"

"இல்ல, சொல்லி வச்சிருக்கேன்." துண்டால் விரல் விரலாகத் துடைத்தான். "பொண்டாட்டி புள்ளைங்கல்லாம் வந்திருக்காங்க. எதுக்கும் இருக்கட்டுமேன்னு."

"எப்ப சொன்னீங்க?"

"முந்தாநேத்து," என்றான். சொன்ன பிறகுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். யாரோ கூப்பிட்ட மாதிரி அவன் காரைப் பார்க்கத் திரும்பிப் போனான்.

கால்மணி நேரத்தில் கார்கள் எல்லாம் போய்விட்டன. புழுதி அடங்கும்வரை காத்திருந்து, எழிலரசி குழாயடிக்கு வாளியைக் கொண்டுபோனாள். ஜேசிபி ஓட்டுகிற செழியன் தட்டைத் தூக்கிப் பிடித்தான்.

"ஆயா கையில குடு எழிலு, ஆயா ஊத்தட்டும். எங்களுக்கு ஏது காப்பு."

ஆராயி வந்து ஊற்றினாள். அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். மறுபடி நீட்டினான். மூன்றாம் தடவையும் நீட்டினான். போதுமா, எப்படியிருக்கு என்று அவள் கேட்டதற்கு, "இன்னும் ஊத்து ஆயா," என்று மட்டும் சொன்னான்.

மிஞ்சியது இரண்டு அண்டா. ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் காலனிக்குக் கொண்டுவந்து, கோயில் முன்னால் வைத்து, வந்தவர்களின் குண்டானில் எல்லாம் ஊற்றினார்கள். நாலு மணிக்கு அண்டா காலி. வீட்டுக்கென்று வேதா ஒரு தூக்கில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆராயி வெந்நீரில் குளித்து, முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

ஆறு மணிக்குச் சுப்பிரமணி வந்தான். நடந்ததை எழிலரசி தாழ்ந்த குரலில் சொன்னாள். காப்பு பூசாரி கையிலதான கட்டனாங்க, இவனுங்க வாயில யாரு கட்டனது என்றான் அவன். பசிக்கிறது என்று தட்டைப் போட்டு உட்கார்ந்தான். எழிலரசி தனக்கும் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதல் வாயை மென்றவன் நிறுத்தினான். அவளைப் பார்த்தான். பிறகு ஒன்றும் நடக்காதது போல் விழுங்கினான். அவள் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள்.

சாம்பாரில் உப்பு இல்லை. கம்மி என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு கல் உப்புகூட விழவில்லை.

இருவரும் கட்டில் பக்கம் பார்த்தார்கள். ஆராயி கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தாள்.

"போன்ல இன்னா போட்டுக்கீறாங்க எழிலு? சத்தம் வந்துனே கீதே. படி."

"அப்பறம் படிக்கிறேம்மா."

"இப்ப படி."

எழிலரசி இடது கையால் செல்போனை எடுத்தாள். தட்டை மார்புக்கு நேரே பிடித்துச் சிரிக்கிற படம் முதலில் இருந்தது. அதற்குக் கீழே நந்தினி: இருபத்தெட்டு வருஷம் கழிச்சு அதே ருசி, கண் கலங்கிவிட்டது. இன்னொருவன்: என்ன கைமணம், எந்த ஸ்டார் ஓட்டலும் பக்கத்தில் வராது. முருகையன்: ஆயா கையால் மறுபடியும் சாப்பிடக் கொடுத்துவைத்திருந்தது, இதற்காகவே இந்தப் பள்ளிக்கு இன்னும் நிறையச் செய்வோம். எழிலரசி எல்லாவற்றையும் ஒரே குரலில் படித்தாள். ஆராயி கேட்டுக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள்.

"சரி, சோறு போடு. நானும் துன்றேன்."

"அத்த, சூடா இட்லி வாங்கியாறேன்," என்று சுப்பிரமணி எழுந்தான். "காலையிலேந்து வெறும் வயிறு. இது ஒத்துக்காது."

"நான் ஆக்கனது எனக்கு ஒத்துக்காதா?"

எழிலரசி போடவில்லை. ஆராயியே தூக்கை இழுத்துத் தட்டில் கவிழ்த்துக்கொண்டாள். பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். மெல்வது நின்றது. வாயில் சோற்றோடு வெகுநேரம் அப்படியே இருந்தாள். எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாக விழுங்கினாள்.

"உப்ப அள்ளப்போனேன்," என்றாள். "அந்த வீடியோக்காரன் இந்தப் பக்கம் பாருன்னான். அப்பறம் மேடைக்குக் கூப்டாங்க. வேதா நான் போட்டுட்டேன்னு நெனச்சிருக்கும்." கொஞ்சம் கழித்து, "சத்துணவுல வாத்தியாருதான் மொதல்ல ருசி பாக்கணும். சட்டம். இன்னிக்கி யாரும் பாக்கல," என்றாள்.

ஆராயி தட்டில் இருந்த சோற்றை விரலால் கிளறினாள்.

"செழியன் மூணு தபா வாங்கனானே எழிலு."

சொன்னதும் அவள் முகம் கோணிக்கொண்டது. அழவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

எழிலரசி கை கழுவிவிட்டு வந்து செல்போனை எடுத்தாள். கட்டைவிரல்கள் வேகமாக ஓடின. சாம்பாரில் உப்பே இல்லை. சாப்பிட்டவர்களுக்கு அது தெரியும். சாப்பிட்டேன் என்று எழுதியிருப்பவர்கள் எல்லோரும்—

"இன்னா எழுதற?"

"உள்ளத எழுதறேன்."

"உப்பு இல்லன்னா?"

"ஆமா. அதே ருசி, அதே ருசின்றாங்களே. இன்னா ருசின்னு சொல்லட்டும். ஒருத்தனும் வாய் தொறக்க முடியாது."

"வாணாம் எழிலு."

"ஏம்மா வாணாம்? இன்னும் எத்தினி நாளைக்கு?"

"அவனுங்க வாய் தொறப்பானுங்கடி. உனக்குத் தெரியாது." ஆராயி தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "சாப்டாதவன் சாப்ட்டேன்னு சொன்னது நாளைக்கு எவனுக்கும் ஞாபகம் இருக்காது. ஆராயி உப்பில்லாம ஆக்கிப் போட்டா, நல்லவேள நாம துன்னல, ஆத்தாதான் காப்பாத்துனான்னு பச்சையம்மா வூட்டுலேந்து பேச்சு கெளம்பும். இருவத்தொம்போது வருசத்துல ஒரு நாள் ஒரு கொற சொல்லல என்னிய. ஊர்க்காரன் வாய்ல என் சமையலுக்கு நல்ல பேரு இன்னிக்கித்தான் வந்துக்குது. பொய்யோ நெஜமோ. அதுவும் போவணுமா?"

சுப்பிரமணி மனைவியைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தான்.

செல்போன் மறுபடி நடுங்கியது. எழில் எங்கே, ஆயா சார்பில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள் என்று முருகையன் எழுதியிருந்தான். அதற்குக் கீழே ஏழெட்டுப் பேர் எழில், எழில் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

அவள் எழுதியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். வரி முழுவதும் போனதும், கைகூப்புகிற படத்தைத் தேடி எடுத்து அனுப்பினாள். உடனே இதயங்கள் வந்து விழத் தொடங்கின. ஆராயி தட்டில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.